உப்பாறு, பக்கம் 31

டேப்லெட்டுக்கு எண் மட்டும் போதும்.
கண்டல் கன்று எத்தனை? பதினேழு.
உவர்ப்பு? இருபத்தெட்டு.
விரலில் சேறு இருந்தால் என்னைத் தெரியாத மாதிரி இருக்கும்.
கொப்பிக்கு அந்தப் பிகு இல்லை.

பென்சிலால் முதலில் பதினாலு என்று எழுதி
வெட்டி, பக்கத்தில் பதினேழு.
நண்டு வளைக்குப் பின்னால் இன்னும் மூன்று நின்றதை
றாசிக் துடுப்பால் காட்டினார்.
வெட்டின கோடு அதைச் சொல்லும்.
டேப்லெட்டில் பதினேழு
பிறக்கும்போதே பதினேழு.

ஆனாலும் மழை இறங்கியபோது
நான் எதை நெஞ்சோடு அணைத்தேன் என்று கேட்காதீர்கள்.
வளாகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்தது
அதைத்தான்.

இரவு, கிண்ணியாவில்,
நனைந்த பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் படமெடுக்கிறேன்.
எல்லாப் படத்தின் ஓரத்திலும் என் பெருவிரல்.
நின்ற இடமெல்லாம் ஆறு தசமம் வரை துல்லியம்;
பத்து நாற்பதிலிருந்து பதினொன்று இருபத்தைந்து வரை
ஒன்றுமே இல்லை.

கொப்பியில், மை இல்லாததால் கரையாத எழுத்தில்:
தரை தட்டிவிட்டது. றாசிக் பிட்டுப் பார்சலைப் பிரித்தார்.
மீன்கொத்தி வந்தது. எண்ணவில்லை.

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
கோப்பைச் சேமித்தேன்.
கொப்பியை மின்விசிறிக்குக் கீழே
விரித்தபடி விட்டேன்.