பொஷ்

ஏழாம் அறை அம்மா சொன்னார்,
நாலாம் அறைக்காரர்கள் ரொம்ப பொஷ் என்று.
நாலாம் அறையில் படுக்கை விரிக்கப் போனால்
கோல்ஃப் கிளப் ஆட்களைப் பற்றி அதே சொல்,
கொஞ்சம் மூக்கைச் சுருக்கி.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன்.
பழைய துரை பங்களா, இப்போது ஹோட்டல்.
கீழ்த்தளத்தில் நான் இஸ்திரி போடுகிறேன்.
ஈரத்துணியில் பெட்டி படும்போது
பொஷ் என்றுதான் ஆவி வரும்.
அதனால் முதலில் நினைத்தேன்,
மடிப்புக் கலையாத துணிக்குத்தான் இந்தப் பெயரென்று.

புஸ்பகாந்தி ஓ.எல். இங்கிலிஷில் சி எடுத்தவள்.
"பெரிய இடம்" என்றாள்.
தலையணை உறை இரண்டு மடித்த பிறகு
"இல்ல, பெரிய இடம் மாதிரி நடக்கிறது."
சாப்பாட்டு நேரத்தில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே,
"ரெண்டும் இல்லடி. சொல்றவங்க வாயப் பாரு."

எங்களிடம் மட்டும் சொல் இல்லையா?
பெரியதுரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி.
ஒவ்வொரு சொல்லிலும் ஓர் ஆள் நிற்பான்,
கூப்பிட்டால் திரும்புவான்.
இதில் ஆளைக் காணோம்.
பனிமூட்டம் மாதிரி,
எப்போதும் எதிர் மலையில்.

சீசன் முடிந்து லயத்துக்கு வந்தேன்.
பையில் ஹோட்டலின் மிச்சச் சோப்பு,
கட்டைவிரல் அளவு ஷாம்பூ ஆறு.
அன்று சாயங்காலம் கீழ் லயத்து அமராவதி வந்தாள்,
போனுக்கு சார்ஜ் ஏற்ற.
அவர்கள் பக்கம் கரண்ட் இல்லை.
கொழுந்து கிலோ குறைந்து
அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்.

வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.
"ஆத்தாடி, வாசமே பொஷ்ஷா இருக்கே!"
எங்கே பிடித்தாளோ.
தலவாக்கலையில் ஒரு சலூனுக்கு அந்தப் பேர்.

எனக்கு அது பிடித்திருந்தது.
இதைச் சொல்லத்தான்
இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அவள் காலில் சேறு.
கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து
மெல்லிய கோடாய் இரத்தம்.
உள்ளே, காலையில்தான் பாலிஷ் போட்ட
சிவப்புத் தரை.
வா என்று சொல்ல வாயெடுத்தேன்.
"போனை இப்படிக் குடு, நானே போட்டு விடுறேன்"
என்று வந்தது.

கை நீட்டினேன்.
கொடுக்கும் முன்
அவள் அதை ஒரு தடவை
சேலையில் துடைத்தாள்.