நூறு கிராம் சாம்பல்

ரெகுலாவின் கடையில் துண்டுத் துணி
நிறுத்துத்தான் விற்கும்.
நூறு கிராம் மூன்று பிராங்.
பழைய தபால் தராசு, முள் கொஞ்சம்
அவள் பக்கமே சாயும்.
ஒருவரும் கேட்பதில்லை. கோப்பி இலவசம்.

புர்க்டோர்ஃபில், எம்மெ ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
சைக்கிள் திருத்துகிறவனுக்கும் சப்பாத்துக் கடைக்கும் நடுவே.
வியாழன் இரவு ஏழு மணிக்கு
திரைக்குப் பின்னால் எட்டு இஸ்திரிப்பெட்டியும்
ஒன்றாகச் சூடேறினால்
மேல்மாடிப் பல் வைத்தியரின் விளக்கு அணைந்துபோகும்.

முதல் நாள் நான் போனபோது
எல்லார் முகத்திலும் ஒரு காத்திருப்பு.
சேலைகளைக் கொண்டுவந்து கொட்டுவாள்,
மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள்,
சரிகைக் கரையோடு.
நான் பெட்டிக்குள் கைவிட்டுச்
சாம்பல் நிறமாகவே பொறுக்கினேன்.
ஈரச் சிலேட்டு. புறா முதுகு.
நவம்பர் மாதத்துக் காலை பதினொரு மணி.
'வேறு ஒன்றும் வேண்டாமா?' என்றாள் மிரியெத்தா.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்
ஒரு நாளைக்கு எழுநூறு வெள்ளை மடிக்கிறேன்,
கண் கொஞ்சம் அழுக்குக் கேட்கிறது
என்று சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.
'குளிர்' என்றேன்.
புரிந்ததுபோல் தலையாட்டினார்கள்.

கால் அங்குலம்.
இந்த மேசையில் சட்டம் அது ஒன்றுதான்.
சென்டிமீட்டர் நாட்டில்
அங்குலத்துக்கு யார் விசா கொடுத்தார்களோ.
தையல் ஒரு நூல் தள்ளி ஓடினால்
பன்னிரண்டாம் வரிசையில் ஒரு விரல் அகலம் பிசகும்.
ஃப்ராவ் லூத்தி பிழை சொல்லமாட்டாள்.
தையல் பிரிக்கும் கொக்கியை
மெல்ல என் பக்கம் உருட்டிவிடுவாள்.

மார்ச்சில் ஒரு வியாழன்
உர்சினா பயணப்பெட்டியோடு வந்தாள்.
எங்கேயோ போகிறாளாக்கும் என்று நினைத்தோம்.
திறந்தால் கோட்டும் காற்சட்டையும்.
இருபத்தாறு வருடத்துக் கணவன்
ஒரேயொரு கோட்டைப் போட்டுக்கொண்டு
தூன் நகரத்து யோகா ஆசிரியையிடம் போய்விட்டானாம்.
'கம்பளி,' என்றாள். 'நல்ல கம்பளி.'
அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.
ரெகுலா தராசைத் தூக்கி அலமாரிமேல் வைத்தாள்.

அன்று நாங்கள் தைக்கவில்லை. பிரித்தோம்.
இடுப்புப்பட்டி, உள்துணி, தோள் பஞ்சு.
பொத்தான்கள் பிஸ்கட் டின்னுக்குள் விழுந்தன.
ஒரு பையில் ரயில் டிக்கெட்,
இன்னொன்றில் இருமல் மிட்டாய்.
உர்சினா அதை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.
மிரியெத்தா சிரிக்கத் தொடங்க,
தையல் மெஷின்கள்கூட அதிர்ந்தன.
பிறகு நீராவி பட்டதும்
கம்பளியிலிருந்து ஓர் ஆளின் வாசம் எழும்பியது.
கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

சாம்பல் எல்லாம் என்னிடம் வந்தது.
மீன்முள் நெசவு, வெண்கோடு போட்டது,
முழங்காலில் தேய்ந்து மினுங்கும் ஒன்று.
அந்தத் தேய்ந்ததைத்தான் நடுவில் வைத்தேன்.
ஏழு மாதம் தைத்தேன்.
ஒரு மூலையில் துணி போதவில்லை.
உர்சினா கைப்பையிலிருந்து அவன் கழுத்துப்பட்டியை நீட்டினாள்,
கடுகுப்பூ மஞ்சள்.
மஞ்சளா என்று யோசித்தேன்.
சரி, ஒரு துண்டு.

போர்வை இப்போது கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் தொங்குகிறது.
போன வியாழன் மழை.
நூல் எடுக்க நான் முன்பக்கம் நின்றபோது
நனைந்தபடி ஒருவர் உள்ளே வந்தார்.
கோட்டில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டதாம்,
இதேபோல் கிடைக்குமா.
திரைக்குப் பின்னால் ஒரு மெஷின் சட்டென்று நின்றது.
எது என்று சத்தத்திலேயே தெரியும்.

ரெகுலா பிஸ்கட் டின்னை எடுத்தாள்.
அவர் காத்திருக்கையில் போர்வையைப் பார்த்தார்.
கிட்டப் போய், மஞ்சள் மூலையை
விரலால் ஒருதரம் தடவினார்.
'அமைதியான வேலை,' என்றார் என்னிடம்.
நன்றி சொன்னேன்.

பொத்தான் அச்சாகப் பொருந்தியது.
இவ்வளவு சரியாக எப்படி என்று வியந்தார்.
'எண்பது ராப்பன்,' என்றாள் ரெகுலா.
ஒரு பிராங் கொடுத்து, மிச்சம் வேண்டாம் என்றார்.
கதவு மணி அடங்குமுன்
உள்ளே எட்டு இஸ்திரிப்பெட்டியும் போட்டார்கள்.
மேல்மாடியில் யாரோ
இருட்டில் வாயைத் திறந்தபடி இருந்திருப்பார்கள்.