மென்னீர்

மன்னாரில் மூன்று வருஷம் வேலை.
அங்கே கேத்தலைக் கவிழ்த்துத் தட்டினால்
வெள்ளைச் சிப்பி உதிரும்.
தேசிக்காய்ப் புளி ஊற்றி ஊறவைத்துக்
கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பேன்,
அடுத்த சனிக்கிழமைக்குள் மறுபடி பூத்துவிடும்.
தலை முழுகினால் முடி தேங்காய்த் தும்பு.
சவுக்காரம் நுரைக்காது, தயிராய்த் திரளும்.
ஆய்வுகூடத்தில் அளவியைத் திறந்துவிட்டு
அடியில் குடுவையைச் சுழற்றியபடியே
ஒரு முழுப் பாட்டை மனசுக்குள் பாடி முடிக்கலாம்
சிவப்பு நீலமாவதற்குள்.

பிறகு மாற்றம் கிடைத்து மலைக்கு வந்தேன்.

ஊத்துமலைத் தோட்டம், மேற்பிரிவு,
பிள்ளைக்காம்பரா வாசல் பைப்.
போத்தலில் எழுதினேன்: மா 17.
பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பற்றவைத்து
பைப்பின் வாயைச் சுட்டேன், விதிப்படி.
கம்பளிக்குள்ளிருந்து ஒரு பொடியன்:
"பைப்புக்குக் குளிருதா, மிஸ்?"

பிள்ளை பார்க்கிற யோகமலர்
பிளேன்டீ கொண்டுவந்தாள்,
உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொட்டினாள்.
நக்கிக்கொண்டே குடித்தேன்.
"தண்ணி எப்புடி மிஸ்?"
"பார்த்துத்தான் சொல்லணும்."
"பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

இரண்டு துளி.
மூன்றாவது விழுமுன் நீலம்.
பாட்டின் முதல் வரிகூட முடியவில்லை.
இவ்வளவு மெலிந்த தண்ணீரை நான் அளந்ததேயில்லை.
பாறையிடம் எதையும் வாங்காமல்
மழை அப்படியே இறங்கி வந்திருக்கிறது.
வெறுங்கையோடு வருகிற தண்ணீருக்குப் பசி அதிகம்,
வழியில் கிடைத்த இரும்பைத் தின்னும்.
வெள்ளைக்காரன் புதைத்த குழாய்
இப்போது உள்ளே
அப்பளம் மாதிரி இருக்கும்.

மற்றப் போத்தலை அலுமாரி இருட்டில் வைத்தேன்.
முதல் நாள் வைக்கோல் நிறம்.
இரண்டாம் நாளும் அப்படித்தான், கொஞ்சம் நம்பிக்கை வந்தது.
மூன்றாம் நாள் காலை
கதவைத் திறந்தால்
எஞ்சின் எண்ணெய்போலக் கறுப்பு.

படிவத்தில் வன்மைக்கு ஒரு கட்டம்: மிக நன்று.
கிருமிக்கு ஒரு கட்டம்: பருக உகந்ததல்ல.
மேல்மலையில் புல்லுக்கு அடிக்கிற மருந்துக்குக்
கட்டமே இல்லை.
கேட்டதற்கு பந்துசேன ஐயா சொன்னார்:
கொழும்புக்கு அனுப்ப வேண்டும்,
அனுப்பத் தோட்டம் கடிதம் தர வேண்டும்.

ஊற்று கம்பனியுடையது.
தொட்டியை எந்தக் காலத்திலோ ஒரு தொண்டு நிறுவனம் கட்டியது,
பெயர்ப்பலகை இருக்கிறது, மூடி இல்லை.
குழாய் யாருடையது என்று
மூன்று கந்தோரில் கேட்டேன்.
ஒருவர் டீ தந்தார்.

மறுபடி ஏறிப் போனேன், காகிதத்தோடு.
யோகமலர் திடுக்கிடவில்லை.
"போன ஐப்பசியிலேயே தெரியும் மிஸ்.
ஒரே கெழமையில பதினொரு பிள்ளைக்கு வயித்தோட்டம்.
அன்னையிலிருந்து காய்ச்சித்தான் குடுக்கிறேன்."
குசினிப் பக்கம் காட்டினாள்:
புகை ஏறிய தகரப் பீப்பாய்,
அதன் பக்கத்தில் கவாத்து மலையிலிருந்து
தலையில் கட்டித் தூக்கி வந்த மிலாறு.
ஒரு நாளைக்கு இரண்டு கட்டு.
மழை நாளில் மூன்று, ஈரம் பிடித்தால் எரியாது.

கேத்தல் மூடியைத் திறந்து பார்த்தேன், பழக்கதோஷம்.
வருஷக்கணக்காய்க் கொதித்த உள்வயிறு
புதுச் சில்லறைபோல மின்னியது.
மன்னார்த் தண்ணீர் வந்துபோனால்
வந்த அடையாளம் வைத்துவிட்டுப் போகும்.
இதற்கு அந்தப் பழக்கமில்லை.

"அந்தக் காகிதத்தத் தமிழ்ல எழுதித் தாங்க மிஸ்,"
என்றாள்.
"செவத்துல ஒட்டவா?"
"செவத்துக்கு எதுக்கு?
மிலாறு எடுக்கப் போனா கணக்கப்பிள்ள கத்துறாரு,
பத்து கிலோ கொழுந்துக் காச வெட்டுவேங்கிறாரு.
காட்டணும்."

படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெறுமை.
'பருக உகந்ததல்ல' என்று தொடங்கி, வெட்டினேன்.
'கொலிபோம்' என்று எழுதி, அதையும்.
வெளியே தூறல் பிடித்தது.
பொடியன் பைப்பைத் திறந்து
சவுக்காரம் தேய்த்துக்கொண்டிருந்தான்,
முழங்கைவரை நுரை.

எழுதினேன்:
காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.
தினம் மூன்று கட்டு மிலாறு கொடுக்கவும்.

கையெழுத்து வைத்தேன்.
அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லை.
முத்திரை பையில் இருந்தது,
அதையும் எடுத்துக் குத்தினேன்.