பதினோராங்கட்டை: குறுங்கட்டுரை

இரவு பத்துக்கு மேல் குலை லாரிகள் குறைந்துவிடும்.
எடைமேடைக் கூண்டில் நானும்
ஒரு மின்விசிறியும் கம்பெனி கணினியும்.
செம்பனை ஆலை நீராவியை விடும்போதெல்லாம்
கண்ணாடி கொஞ்சம் நடுங்கும்.
அப்போதுதான் தொகுக்கத் தொடங்குவேன்.

கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊருக்கு
மூன்றே வரி இருந்தது.
அதில் ஒன்று தப்பு.
ஆற்றை ஊருக்கு மேற்கே ஓடவிட்டிருந்தார் யாரோ.
முதல் இரவு
ஒரே சொல்லை மாற்றி
ஆற்றைக் கிழக்கே கொண்டுவந்தேன்.
சம்பளமில்லாமல் நான் செய்த
ஆகப் பெரிய வேலை அது.

அரசாங்கப் பலகையில் புக்கிட் செலாசே.
பஸ் ஏறினால், கடன் சொன்னால்,
கல்யாணப் பத்திரிகை அடித்தால்
பதினோராங்கட்டை.
மைல்கல்லைப் பிடுங்கிக்
கிலோமீட்டர் நட்டு எத்தனையோ வருடம்;
கட்டை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.
அந்தப் பெயரைத் தட்டுகிறவரும்
இங்கே வந்து சேரட்டும் என்று
ஒரு வழிமாற்று போட்டேன்.
கோயம்புத்தூர் நிர்வாகி ஒருவர்
"சான்று?" என்றார், அவ்வளவுதான்.

ஓய்வுநாளில் பஸ் பிடித்து
நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் பிரித்தேன்.
நான்காம் பக்கம், கீழ்மூலை:
பதினோராங்கட்டையில் லாரி குடைசாய்ந்தது.
ஒருவருக்கும் காயமில்லை.
எங்கள் பெயருக்கு
அந்த விபத்துதான் சாட்சி.

மழைக்காலத்தில் வந்தார் இன்னொருவர்.
கணக்கில்லை, பெயரில்லை,
புள்ளி வைத்துப் பிரித்த எண்கள் மட்டும்.
"குறிப்பிடத்தக்கவர்கள்" பகுதியில்
மாநில ஓட்டக்காரிக்கும்
காலமான சட்டமன்ற உறுப்பினருக்கும் கீழே
ஒரு வரி:
சன்னாசி மருதப்பன், பள்ளிக்கூடப் பாலம் கட்டினவர்.

நீக்கினேன். காரணம்: சான்று இல்லை.
மறுநாள் அதே வரி.
நீக்கினேன். காரணம்: குறிப்பிடத்தக்கமை இல்லை.
அந்தச் சொல்லின் நடுவே
விரல் ஒரு நொடி நின்றது;
பிறகு தட்டியது.
மூன்றாம் முறை
"கட்டினவர்" "கட்டியவர்" ஆகியிருந்தது.
பிழையாக எழுதியதால்தான் அழிக்கிறேன் என்று
நினைத்துவிட்டார் போல.

உரையாடல் பக்கத்தில் எழுதினேன்:
வணக்கம். நூல், நாளிதழ், அரசு ஆவணம்
ஏதாவது உண்டா?
மூன்று இரவு கழித்துப் பதில்:
"பாலம் இருக்கே. அதுல நடந்துதானே போறீங்க."

நடந்துதான் போகிறேன்.

விதி தெரியும். புதியவர்களுக்கு
நானே நகலெடுத்து ஒட்டுகிற விதி:
சொந்த ஆய்வு கூடாது.
நிறைந்து வரும் லாரிக்கு ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் மிஞ்சுவது குலை.
ஒன்பது வருடத்தில்
ஒரு பழத்தைக்கூட நான் தொட்டதில்லை.

காலை ஏழு. ஷிப்டு முடிந்து
பாலத்தின் நடுவில் குனிந்தேன்.
பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள்.
மோட்டாரில் வந்த வங்காளதேசத் தம்பி
விழுந்துவிட்டீர்களா அக்கா என்று மலாயில் கேட்டான்.
வீட்டுச் சாவியால் பாசியைச் சுரண்டினேன்.
ஈரச் சிமெண்டில் விரலால் எழுதியது:
ம. சன்னாசி 7.4.71
அதில் "னா" பழைய வடிவம்,
துணைக்கால் இல்லாமல் கீழே சுழித்த கொக்கி.
என் விசைப்பலகையில்
அந்த எழுத்து கிடையாது.

படம் எடுத்துப் பதிவேற்றினேன்.
விளக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்:
"பதினோராங்கட்டை நடைபாலத்தில் உள்ள எழுத்து."
ஆக்கியவர் யார் என்று படிவம் கேட்டது.
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
படத்துக்குத்தான் கேட்கிறார்கள் என்று புரிந்து
என் பயனர் பெயரைப் போட்டேன்.
குலை லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

பட்டியலில் அவர் இன்றும் இல்லை.
எண்காரரும் பிறகு சண்டைக்கு வரவில்லை.
ஒரேயொரு தடவை,
ஆற்றைப் பற்றிய என் வரியில்
ஒரு காற்புள்ளி சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.
சரியான இடம்தான்.
விட்டுவிட்டேன்.