பேன் கடை

விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரம்
பொக்கை வாயால் எதையோ மென்றுகொண்டிருக்கிறது.
அம்மாவின் பழைய மழைக்கோட்டில்
கோணிச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்து
க்ளெமான்ஸ் நிற்கிறாள்.
மூக்கு கேரட்டை ஒட்டிய நிறத்தில்.

போன வருடம் நான் அவள் வீட்டில்.
லியோனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்,
இங்கே போலவே மேட்டில் ஒட்டிய ஊர்,
மாடியறை, சரிந்த கூரை, நான்கு மாதம்.
"மொழிக்குள் முங்கி எழுந்து வாருங்கள்" என்று
மாலை போடாத குறையாக அனுப்பியது கல்லூரி.

முதல் நாள் அவள் அப்பா
என் முகத்தைப் பார்த்துத் "தூ" என்றார்.
கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.
'நீ' என்று அர்த்தமாம்.
வீட்டு மனுஷி என்று நினைத்தால்தான்
அப்படிச் சொல்வார்களாம்.

மூலைக் கடையில் காலையில் சுடச்சுடப் பேன் விற்றார்கள்.
வரிசையில் நின்று இரண்டு பேன் வாங்கி
அக்குளில் இடுக்கி வந்தேன்.
எதிர்வீட்டுப் பொடியன் பெற்றவளை
மாமன், மாமன் என்று கூப்பிட்டான்.
பார்த்தவர்களெல்லாம் "சாவா?" என்றார்கள்.
"சாவா" என்றே பதிலும் சொல்ல வேண்டும்.

போனில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.
"கெளம்பி வந்துருடி."

எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபம் முகாமில் இறங்கி
லாரியில் இந்த மலைக்கு வந்தவள்.
பாதிச் சிங்களம் கடலில் போயிற்று,
மீதி குன்னூர்க் குளிரில்.
யாரும் அவளுக்குச் சான்றிதழ் தரவில்லை.

மூன்றாம் மாதம் மாடிப்படியில் வழுக்கி
முட்டி பெயர்ந்தது.
வாயில் ஐயோ வரவில்லை.
அவர்கள் சொல்லும் சொல் வந்தது.
"பிரமாதம்!" என்று கைதட்டினாள் க்ளெமான்ஸ்,
ஐஸ் எடுக்க ஓடிக்கொண்டே.
அன்று இரவு
ஐயோ, ஐயோ என்று
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

இப்போது அவள் முறை.
பன்னிரண்டு நாளாயிற்று. ரசத்தை டம்ளரில் குடிக்கிறாள்.
என் 'ழ' எனக்கே சந்தேகமாகும்படி
பழம் என்கிறாள்.

ஓனர் மகன் புல்லட்டில் வந்தான்.
என்னைவிட ஒரு வயது சின்னவன்.
"ஏய், நீ அந்தப் பக்கம் போ" என்றான் அம்மாவை.
"சரிங்க தம்பி" என்றாள் அம்மா.

க்ளெமான்ஸ் என் காதருகே குனிந்தாள்.
அவன் நீ என்கிறானே,
ரொம்ப நெருக்கமோ உங்களுக்கு?

இயந்திரம் சுற்றியது.
நான்கு மாதத்தில் சேர்த்த சொற்களையெல்லாம்
சாக்கைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்துப் பார்த்தேன்.
சீஸ் வகைகள் பதினேழு இருந்தன.

"என்னடி கேக்குறா?" என்றாள் அம்மா.
"குளிருதாம்."
தன் தலைத்துண்டை அவிழ்த்து
அவள் காதைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

நாலரை மணிக்கு
வழியில் அடைத்த கேரட்டை எடுக்க
அம்மா உள்ளே கை விட்டிருக்கிறாள்.
பார்க்காமல் அவன் தண்ணீரைத் திறக்கிறான்.
மொத்த அழுத்தம்.
நான் வாய் திறப்பதற்குள்

"நீ!" என்றாள் க்ளெமான்ஸ்.
"நீ தண்ணி நிறுத்து! நீ!"

கூடை தூக்கிய கைகள் நின்றன.
மேட்டுப்பாளையம் லாரிக்காரர் பீடியை எடுத்துவிட்டுப் பார்த்தார்.
வெள்ளைக்காரப் பெண்ணிடம் என்ன சொல்ல?
அவன் வால்வை மூடினான்.
மூடிவிட்டு, எதற்கோ, "சாரி" என்றான்.

தவமணி அக்கா முதலில் சிரித்தாள்,
பிறகு வரிசை முழுக்க.
கன்றிய விரல்களை உதறிக்கொண்டே அம்மா
அவளைப் பார்த்துக் கேட்டாள்:
"சாவா?"
"சாவா!"

நீங்கள் என்ற சொல்லை
அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை.
மறந்துவிட்டேன் என்றுதான்
எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.