திரும்புகிற வண்டி

மைக் கெட்டு மூன்று நாளாகிறது.
தொண்டையால்தான் மூன்று மாநிலங்களையும்
அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பாக நிற்பது மைசூர்.
தொரப்பள்ளி, தெப்பக்காடு, பந்திப்பூர்.
மான் பார்க்க ஜன்னலோரம் கேட்டு ஏறுகிறவர்கள்
குண்டலுப்பேட்டைக்கு முன்பே தூங்கிவிடுவார்கள்.
சுல்தான் பத்தேரிக்குப் பாட்டவயல் வழி.
நிலம்பூருக்கு நாடுகாணி இறக்கம், மழை விட்டிருந்தால்.
ஊட்டி மேலே.
வாந்திக்குப் பை என்னிடம் இல்லை,
எலுமிச்சம்பழம் எதிர்க்கடையில்.

காலையில் ஒரு ஜோடி வந்தது,
முதுகில் ஆளுயர மூட்டை.
மேப்பை விரித்து, மூன்று நிறத்தின் மேலும்
பேனாவால் ஒரே கோடு இழுத்து,
எல்லையில் இறங்கி முத்திரை வாங்கணுமா என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.
போன் மட்டும் ஒருமுறை கூவி வரவேற்கும்.
டிக்கெட்டில் எழுத்து வேறு மாதிரி சுழிக்கும்.
சாதா வண்டியில் பெண்களுக்குக் காசில்லை, எல்லை வரை.
எல்லைக்கு அந்தப்பக்கம்
அதே பெண் முந்தானை முடிச்சை அவிழ்க்க வேண்டும்.
சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அவர்களுக்குப் பின்னால் கெம்பி.
கையில் தூக்குவாளி, கக்கத்தில் சுருட்டிய பாய்,
செருப்பைக் கால்மாற்றிப் போட்ட பையன் ஒருவன்.
“போறதுக்கு மேஸ்திரியோட ஜீப் இருக்கு சாரே.
இஞ்சி வேலை. கோட்டைக்கும் அப்பால.
திரும்பி வர எதுல ஏறணும்?”

இருபத்தொரு வருஷமாக இந்த ஜன்னலில் இருக்கிறேன்.
போகத்தான் கேட்பார்கள் எல்லோரும்.
அந்த ஊரிலிருந்து கிளம்புகிற வண்டி எதுவும்
என் அட்டவணையில் இல்லை.
டீ கிளாஸோடு நின்ற டிரைவர் மகாதேவப்பாவைக் கூப்பிட்டேன்.
ஹேண்ட்போஸ்ட்டில் ஏறச் சொல்லு என்றார்,
நஞ்சன்கூட்டில் மாறச் சொல்லு,
ஏழுக்குள் குண்டலுப்பேட்டை தாண்டணும்,
ஒன்பதுக்குக் காட்டைப் பூட்டிவிடுவார்கள்,
திறக்க விடிய வேண்டும்.

அவள் விரல் மடக்கிக் கேட்டாள்.
“சனிக்கிழமை கூலி குடுக்கவே எட்டாயிரும்னு சொல்றாங்க.”

எங்கள் மூன்று பேருக்கும் நடுவில்
கிளாஸில் டீ ஆறியது.
எட்டு மணிக்கு மேல் வருகிற வண்டி
எந்த மாநிலத்திலும் இல்லை.
“கூலிய விட்டுட்டு வந்தா ஏறலாம்” என்றாள்,
கேட்கிற மாதிரியும் இல்லை, சொல்கிற மாதிரியும் இல்லை.

என் அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறியவள்.
மண்டபத்தில் கொடுத்த தாளில்
கொண்டுபோய்ச் சேர்க்கிற தோட்டத்தின் பெயர் இருந்தது.
அதன் பின்பக்கத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

பழைய டிக்கெட் ஒன்றின் பின்பக்கத்தில்
கூடலூர் என்று கன்னடத்தில் எழுதித் தந்தார் மகாதேவப்பா.
வண்டி நெற்றியில் இப்படி இருந்தால் ஏறு.
கெம்பி அதைப் பையனிடம் காட்டினாள்.
“கவுத்த கூடை. அதுக்குப் பக்கத்துல கொக்கி.
எங்க, சொல்லு?”
“கூடை, கொக்கி” என்றான்.
இன்னொரு தரம் சொல்ல வைத்தாள்.
டிக்கெட்டை நாலாக மடித்து
வாளிமூடிக்குள் வைத்து அழுத்தினாள்.

ஜீப் வந்தது. யாரும் அறிவிக்கவில்லை.
உள்ளே பதினாறு பேர் வரை எண்ணினேன்,
பாய்கள் மறைத்துவிட்டன.
பேரேட்டில் ஜீப்புக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்:
புறப்பாடு பத்து நாற்பது.

அதற்குள் பத்தேரி வண்டி ஹாரன் அடித்தது.
பத்தேரி, பத்தேரி, என்று கத்தினேன்,
குரல் பாதியில் உடைந்தது.
மைக் பார்க்க ஆள்
சனிக்கிழமை வருகிறானாம்.