ஏழாவது பத்தி

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில்
பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்க்கிறேன்.
இன்று வந்தது தீபாவளிச் சீட்டு வழக்கு,
ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு பக்கம்.
ஏழாவது பத்தியில் விரல் நின்றது:
எதிரிகள் புகார்தாரரை ஹூட்விங்க் செய்தனர்.

ஏமாற்றினர் என்று தட்டிவிட்டுப் போயிருக்கலாம்.
டீக்கு நேரமாகியிருந்தது.
ஆனாலும் அகராதியைத் திறந்தேன்.

ஹூட் என்றால் முக்காடு.
விங்க், இப்போது ஒற்றைக் கண்ணடிப்பு,
பஸ் ஸ்டாண்டில் அடித்தால் செருப்படி.
நானூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால் அதுவே
இரண்டு கண்ணையும் மூடுவது.
முதலில் வெறும் கண்கட்டு,
சீமைப் பிள்ளைகளின் கண்ணாமூச்சியில் கட்டுவது போல.
ஐம்பது வருஷத்துக்குள் மோசடி ஆகிவிட்டது.
ஆட்டம் முடிந்து எழுந்து போனவர்கள்
கட்டை அவிழ்க்க மறந்திருப்பார்கள்.

நம் சொல்லில் துணி இல்லை.
ஏமம் என்றால் காவல்;
நிகண்டில் பொன் என்றும் இருக்கிறது.
ஏமம் மாறியதுதான் ஏமாற்றமா?
தெரியாது. ஊகத்துக்குப் பக்கக் கூலி கிடையாது.

புகார்தாரர் தில்ஷாத், பேரணாம்பட்டு, பீடித் தொழில்.
வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்,
மடியில் துணிக்கடைப் பை,
பைக்குள் மாதத்துக்கொரு ரசீது, ஊதா முத்திரை.
"உங்க கண்ணைக் கட்டிட்டாங்கன்னு
இங்கிலீஷ்ல போட்டிருக்கு, சரியாம்மா?"
நான் கேட்கக்கூடாத கேள்வி.

"கட்டினாங்க.
மொத வருஷம் குண்டானும்
அரை கிராம் காசும் குடுத்தாங்கல்ல, அதான் துணி.
ரெண்டாம் வருஷம் ஆபீஸ்ல ஃபேன் ஓடல,
மானேஜர் நாற்காலியைக் காணோம்.
பார்த்தேன்.
பார்த்துட்டு நானே மூடிக்கிட்டேன்.
தெருவுல பதினோரு வீட்டைச் சேர்த்துவிட்டா
எனக்கு ஒரு தவணை தள்ளுபடி."

பதினோரு வீடு என்றபோது
விரல்கள் தாமாக மடிந்தன,
பீடிக் கட்டு எண்ணும் வேகத்தில்.

முக்காடு அவர்களுடையது, இமை இவருடையது.
இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறது
அந்த ஒரு சொல், தையல் வெளியே தெரியாமல்.
வக்கீலிடம் சொன்னேன்.
"பத்தியைத் தொடாதீங்க சார், கேஸ் போயிடும்."

ஏமாற்றினர் என்று அடித்தேன்.

வெளியே, அதே மரத்தடியில், நாலடி தள்ளி,
பதினோரு வீட்டில் ஒரு வீட்டுக்காரி
பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.
தில்ஷாத் பக்கம் நீட்டாமல்
மூடியைத் திருகினாள்.